அந்தப் பெட்டி இறங்கிய சத்தம்

ராயபுரத்திலிருந்து உன் நைனா எழுதுகிறேன். நாங்கள் சுகம். நீ சாப்பிட்டாயா என்று உன் அம்மா முதல் வரியிலேயே கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

உன் கடிதம் வந்தபோது அவள் வாசலில் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டு ஸ்டாம்பைப் பார்த்ததும் கையைக் கழுவக்கூட பொறுமை இல்லாமல் வாங்கிவிட்டாள். அதனால் உன் கடிதத்துக்கு இப்போது நம் வீட்டு வாசனை வந்துவிட்டது. மார்கழியில் நீ மெட்ராசுக்கு வருகிறாய், மவுண்ட் ரோடு பக்கம் பெரிய ஹாலில் உன் பியானோ கச்சேரி, உன்னோடு வாசிக்கிற இரண்டு வெள்ளைக்காரர்களும் வருகிறார்கள், மறுநாளே கல்கத்தாவுக்குப் போயாக வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "ரெக்கார்டு அனுப்பி ஒரு வருஷம் ஆவுது. அந்த மொத சத்தம் சரியா கீதா நைனா? உன்ன வுட்டா அத சொல்ல வேற ஆள் இல்ல. நீ ஒண்ணியும் எழுதலியே." எழுதவில்லைதான். எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் எழுதவில்லை. மகனே, எனக்குக் காது கேட்பதில்லை. உன் ரெக்கார்டில் ஒரு சத்தத்தைக்கூட நான் கேட்கவில்லை.

ஒரேயடியாகப் போகவில்லை, பயப்படாதே. முதலில் தெருவில் விளையாடும் பிள்ளைகளின் குரல் போனது. பிறகு காக்கை, பிறகு சைக்கிள் மணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மாதா கோயிலுக்கு ஓடுகிறார்களே, மணி இன்னும் அடிக்கவில்லையே என்று நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது. உன் அம்மாவின் குரல்தான் கடைசிவரை தாக்குப்பிடித்தது. அதை அவளிடம் சொன்னபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஹார்பர் சத்தம் அத்தனை வருஷம் காதில் விழுந்தால் இப்படித்தான் ஆகும் என்று டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். இப்போது நான் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேன். உனக்கு எழுத வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். "புள்ள கைல மறைக்கிற அளவுக்கு இன்னா பண்ணிட்ட, கொல பண்ணிட்டியா? காது தானய்யா பூட்ச்சி," என்றாள். அவளுக்குச் சொன்னால் புரியாது. உன் தொழிலே சத்தம். நீ பாடுபட்டுச் செய்ததை உலகமே கேட்கிறது, உன் அப்பனுக்கு மட்டும் கேட்காது என்று எந்த வாயால் சொல்வேன்.

நான் செய்த வேலை உனக்குத் தெரியும். ஆனால் உன்னோடு வாசிக்கிற அந்த இரண்டு பேருக்கும் நீ இதைப் படித்துச் சொல்வாய் என்று நினைத்து விவரமாகவே எழுதுகிறேன். கிரேன் ஓட்டுகிறவன் மேலே கூண்டில் உட்கார்ந்திருப்பான். கப்பலுக்குள் ஆழத்தில் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. கப்பல் தளத்தின் ஓரத்தில் ஒருவன் நின்று கையைக் காட்டுவான். அந்தக் கைதான் மேலே இருப்பவனுக்குக் கண். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு, அதற்கு ஹபீஸ் என்று பெயர். கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு, அது ஆரியா. முஷ்டியை மூடினால் நில். விரல்களைக் குவித்துக் குவித்து விரித்தால் கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் சரக்கு தரை தொட்டது, கொக்கியைக் கழற்றலாம். அவ்வளவுதான் பாஷை. என் கையை நம்பி மேலே உட்கார்ந்திருந்தவன் வியாசர்பாடி முனுசாமி. உனக்குப் பந்து வாங்கித் தந்து கண்ணாடி உடைக்கக் கற்றுக்கொடுத்த அதே முனுசாமி மாமு. நானும் அவனும் வேலை நேரத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினாலும் கேட்காது. ஆனால் சந்தேகம் இருக்கும்போது நான் கை காட்டியதில்லை, பொய்யாக ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் கீழே நிற்கிறவன் வீட்டுக்குப் போயிருக்க மாட்டான்.

அந்தப் பாஷை வீட்டுக்கும் வந்துவிட்டது. உன் அம்மா சோறு போடும்போது நான் பேச்சை விடாமல் ஆரியா காட்டுவேன், போதும் என்றால் முஷ்டியை மூடுவேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "நான் இன்னா கிரேனா?" என்று கேட்டுக்கொண்டே சரியாக நிறுத்துவாள். நீ நடக்கப் பழகும் முன்பே அதைப் பிடித்துக்கொண்டாய். யாரும் சொல்லித்தரவில்லை. இடுப்பில் தூக்கிவைத்துக்கொள் என்பதற்கு அழாமல் விரலை மேலே நீட்டிச் சுழற்றுவாய். தெருவே பார்த்துச் சிரிக்கும்.

கோயில் ஆர்கனில் நீ உட்கார ஆரம்பித்த வருஷம் நடந்த கூத்து நினைவிருக்கிறதா? திருவிழாப் பூசை. பெரிய சாமியார் வெளியூரிலிருந்து வந்திருக்கிறார். மீன்காரப் பெண்கள் புதுப் புடவையில், ஆண்கள் பக்கம் நிற்க இடமில்லை. நீ எட்டாத குட்டிக் காலை நீட்டி நீட்டிப் பெடலை மிதித்து அழகாக வாசித்துக்கொண்டிருக்கிறாய், நான் முன் வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறேன். ஒரு கொசு. நான் அதைக் காற்றிலேயே பிடித்துக் கையை மூடினேன். நீ டக்கென்று நிறுத்திவிட்டாய். பாட்டு பாதி வரியில் அறுந்தது, பாடியவர்கள் வாயைத் திறந்தபடி நிற்க, சாமியார் திரும்பிப் பார்க்கிறார். நீ என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாய், நானோ கையைத் திறந்தால் கொசு போய்விடுமே என்று மூடியபடி நிற்கிறேன். பாடகர் குழுவில் இருந்த உன் அம்மாதான் அங்கிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு விரலைச் சுழற்றினாள். நீ விட்ட இடத்திலிருந்து எடுத்தாய். வீட்டுக்கு வந்ததும் அவள், "ஹார்பர ஹார்பர்ல வுட்டுட்டு வாய்யா, சாமி கிட்ட இட்டாராத," என்றாள். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது. அத்தனை கூட்டத்தில் நீ என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பியானோ வந்தது அதற்குப் பிறகு. ஒரு ஓட்டலுக்கு வந்த சரக்கு. வீட்டுக் கதவைவிடப் பெரிய மரப்பெட்டி. மெதுவாக, சாமி சப்பரம் இறக்குவதைப் போல இறக்கச் சொல்லி மேஸ்திரி பத்து தடவை சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் கரையிலேயே நின்று கை காட்டினேன். பெட்டி லேசாகச் சுற்றியதால் இடது உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கொஞ்சம் கொஞ்சமாக என்று காட்டினேன். முனுசாமி மூச்சை அடக்கிக்கொண்டுதான் இறக்கினான். ஆனாலும் தரை தொட்டபோது ஒரு நூல் வேகம் கூடிவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒரு கம்பி இல்லை, எல்லாக் கம்பியும் ஒன்றாக. அடியில் கனமாக, மேலே பொடிப்பொடியாக. மூட்டை தூக்குகிறவர்கள் அப்படியே நின்றார்கள். என் உள்ளங்கையில் அது வெகு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். எப்படி இருந்தது என்று கேட்டாய். வாயால் முனகிக் காட்டினேன். "இன்னொரு தபா சொல்லு நைனா," என்றாய். சோறு தின்னும்போது கேட்டாய், பல் தேய்க்கும்போது கேட்டாய், மறு வாரமும் கேட்டாய். "பேஜாரு பண்ணாதடா, அது ஒரு சத்தம், பூட்ச்சி," என்று ஒரு நாள் கத்திவிட்டேன். நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். தேடுவதை நிறுத்தவில்லை என்று போன வருஷம்தான் தெரிந்தது, ரெக்கார்டின் முதல் சத்தமே அந்தப் பெட்டிச் சத்தம்தான் என்று நீ எழுதியபோது.

பள்ளிக்கூடம் முடித்ததும் உன்னை ஹார்பரில் சேர்த்துவிடச் சொல்லி எல்லாரும் சொன்னார்கள். அப்பன் வேலை பார்க்கிற இடம், பிள்ளைக்குச் சுலபமாகக் கிடைக்கும் என்றார்கள். நான் முடியாது என்றேன். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. ஹார்பரில் வேலை பார்க்கிறவர்களில் பத்து விரலும் முழுசாக இருப்பவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். என் மோதிர விரல் எங்கே போனது என்று உனக்குத் தெரியும். உன் கையை இரும்புக் கயிற்றுக்குப் பக்கத்தில் வைத்து நினைத்துப் பார்க்கக்கூட எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் நீ ஓட்டலில் வாசிக்கப் போகிறேன் என்றபோது சரி என்றேன். சாயங்காலமானால் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நீ பஸ் ஏறுவாய். குடிக்கிற இடம், ஜோடியாக ஆடுகிற இடம், அங்கே போய் பிள்ளையை விட்டானே என்று கோயில் வாசலிலேயே பேசினார்கள். உன் அம்மா அந்தக் கோட்டைத் துவைத்து, தெருவில் எல்லாரும் பார்க்கிற கொடியில்தான் காயப்போடுவாள். யாராவது கேட்டால், "என் புள்ள பாண்டு வாசிக்கிறான், உன் புள்ள இன்னா பண்றான்?" என்பாள்.

நீ பம்பாய்க்குப் போன அன்று சென்ட்ரலில் நான் உன்னிடம் சரியாகப் பேசவில்லை. தண்ணீர் பாட்டில் இருக்கிறதா, பெட்டியைக் காலுக்கடியில் வை, இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ரயில் நகர்ந்ததும் விரலை மேலே நீட்டிச் சுழற்றிக்கொண்டே கூடவே ஓடினேன். நீ ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி முஷ்டியை மூடிக் காட்டினாய். நான் நின்றுவிட்டேன். ஓடாதே, விழுந்துவிடுவாய் என்று சொன்னாயா, இல்லை ரயிலை நிறுத்தச் சொன்னாயா? இத்தனை வருஷமாகக் கேட்க வேண்டும் என்றிருக்கிறேன். கடிதத்தில் பதில் எழுதாதே. வரும்போது சொல்.

அதற்குப் பிறகு உன்னை நான் கடிதத்தில்தான் பார்த்தேன். பம்பாயில் டான்ஸ் பாண்டு, பயணிகள் கப்பலில் பாண்டு, பிறகு பனி பெய்கிற அந்த ஊரில் நிலவறை மாதிரி ஒரு சின்ன இடத்தில் வேலை. அங்கே ஜாஸ் வாசிக்கிறேன், யாரோ எழுதியதை அப்படியே வாசிக்காமல் அந்த இடத்திலேயே உண்டாக்குகிறோம் என்று எழுதினாய். எனக்குப் பாதி புரிந்தது. குளிரில் விரல் விறைத்துப்போனதால் ஒரு மாதம் வேலை இல்லை என்று எழுதினாய், அது முழுதாகப் புரிந்தது. அன்று உன் அம்மா சாப்பிடவில்லை. பிறகு நீயே பாட்டு அமைக்க ஆரம்பித்தாய், உன் பெயரில் மூன்று பேர் பாண்டு, ஒரு பத்திரிகையில் உன் போட்டோ. அந்தப் பத்திரிகைக்காரர், நீ வாசிக்கும்போது ஒரு கையை எடுத்துக் காற்றில் பறவை மாதிரி அசைக்கிறாய் என்று எழுதியிருந்ததாகச் சொன்னாய். போட்டோவை முனுசாமியிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தான். "உன் புள்ள யாரையோ எறக்கினுகீறான்பா," என்றான். டிரம் அடிக்கிறவரைத்தானே? விரல்களைக் குவித்திருந்தாயே, கொஞ்சம் கொஞ்சமாக என்று. நாங்கள் இரண்டு கிழவர்களும் டீக்கடையில் உட்கார்ந்து அழுதோம். கடைக்காரர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துக் காசு வாங்கவில்லை.

ரெக்கார்டு வந்தபோது எதிர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனோம், அவர்களிடம்தான் பிளேயர் இருக்கிறது. எல்லாரும் உட்கார்ந்து கேட்டார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மாவுக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. "ஒரு பாட்ட ஒயுங்கா ஆரம்பிக்கிறான், அப்பால அத தொலச்சிடறான். மூணு பேருமா சேந்து தேடினு போறானுங்கோ. கடேசில கண்டுபுட்ச்சி இட்டாந்து வுட்றானுங்கோ," என்றாள். இதைவிட நன்றாக எனக்கு யாரும் ஜாஸைச் சொன்னதில்லை. பிறகு அவளாகவே என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பாட்டு மேலே போகும்போது விரலை மேலே சுழற்றினாள், இறங்கும்போது கீழே. நீ நிறுத்தி நிறுத்தி வாசிக்கிற இடத்தில் முஷ்டியை மூடி மூடித் திறந்தாள். கிரேனா என்று கேட்டவளின் கைதான். ஒரு பக்கம் முழுவதையும் அப்படித்தான் எனக்குக் காட்டினாள். முதல் சத்தத்துக்கு மட்டும் அவளால் முடியவில்லை. ஊசியைத் திரும்பத் திரும்ப அங்கேயே வைத்துக் கேட்டாள். இரண்டு கைகளையும் விரித்தாள், மூடினாள், என்னைப் பார்த்தாள். "இத எப்டிய்யா சொல்றது," என்றாள். நான் அந்த பிளேயர் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சின்னப் பெட்டி. ஏதோ கொஞ்சம் அதிர்ந்தது, ஆனால் அது கரையில் இறங்கிய பெட்டி இல்லை.

இதற்கு நடுவில் உனக்குப் புத்தியும் சொல்ல வேண்டும், அப்பன் என்று ஒருவன் இருப்பதே அதற்குத்தானே. பாஸ் என்கிற அந்த ஆளுயர வீணையை வாசிக்கிறவரோடு உனக்குச் சண்டை, பேச்சு வார்த்தை இல்லை, மேடையில் மட்டும் சேர்ந்து வாசிக்கிறோம் என்று எழுதியிருந்தாய். முனுசாமியும் நானும் ஒரு முறை நீண்ட காலம் பேசாமல் இருந்தோம், அவன் தங்கை கல்யாணத்துக்கு நான் தாமதமாகப் போனதால் வந்த வம்பு. அந்த நாட்களிலும் நான் தளத்தின் ஓரத்துக்குப் போய் நின்றதும் அவன் கண் என் கையில் இருக்கும். மாலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். ஒரு நாள் மழையில் என் கை அவனுக்குத் தெரியவில்லை. அவன் சரக்கை ஆகாசத்திலேயே நிறுத்திவிட்டு, கூண்டிலிருந்து இறங்கி வந்து, தன் தலைத்துண்டை என் மணிக்கட்டில் கட்டிவிட்டு, மறுபடி ஏறிப்போனான். அன்று சண்டை முடிந்தது. அந்த வெள்ளைக்காரர் உன் கையைப் பார்த்து வாசிக்கிற வரைக்கும் அவரை விடாதே. நீ போய்ப் பேசு. வயதில் யார் பெரியவர் என்று கணக்குப் பார்க்காதே. காலுக்கு உறை போடு.

இங்கே ஹார்பர் மாறிவிட்டது. பெரிய பெரிய இரும்புப் பெட்டிகள் வர ஆரம்பித்திருக்கின்றன, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எண்ணூர்ப் பக்கம் புகை அதிகமாகிவிட்டது, கொடியில் வெள்ளைத் துணி போட்டால் சாயங்காலம் சாம்பலாகிவிடுகிறது. நல்லவேளை உன் கோட்டு இப்போது இங்கே இல்லை. நான் தினமும் கடல் ஓரம் போய் உட்கார்கிறேன். அலை வருவது தெரிகிறது, சத்தம் இல்லை. எனக்கு அலைச் சத்தம்கூட அவ்வளவாக வேண்டியதில்லை. உன் குரல் எப்படி இருந்தது என்பது மறந்துகொண்டே வருகிறது, அதுதான் தாங்கவில்லை. நீ போனபோது இருந்த குரல் கொஞ்சம் நினைவில் இருக்கிறது. அது இளசுக் குரல். இப்போது உனக்கு எப்படிப்பட்ட குரல் என்று எனக்குத் தெரியவே போவதில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது மகனே. வேறு எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை.

கச்சேரிக்கு வருகிறேன். முனுசாமியும் வருவான், அவனுக்கும் இப்போது பாதிக் காதுதான். "ரெண்டு செவிடனுக்கு கச்சேரியா, நல்லா கீதுபோ," என்று உன் அம்மா சொன்னாலும் அவனுக்கும் சேர்த்துச் சட்டை எடுக்கச் சொல்லியிருக்கிறாள். எங்களை நடுவில் பெரிய மனிதர்களோடு உட்காரவைக்காதே. உன் கை தெரிகிற பக்கம் உட்காரவை, அது போதும். நீ ஏற்றுவதும் இறக்குவதும் எங்களுக்குத் தெரியும்.

உன் கேள்விக்கு மட்டும் பதில் பாக்கி இருக்கிறது. அதற்கு ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். ஹாலில் ஆட்கள் வருவதற்கு முன்னால் என்னை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போ. என் இடது கையைப் பியானோ மரத்தின் மேல் வைக்கிறேன். அன்று பெட்டியின் மேல் இருந்த கை இதுதான், இதற்கு இன்னும் காது போகவில்லை. நீ அந்த முதல் சத்தத்தை வாசி. சரியாக இருந்தால் கைகளை விரித்துக் காட்ட வேண்டும், பெட்டி தரை தொட்டது என்று. சரியில்லை என்றால் விரலை மேலே சுழற்ற வேண்டும், நீ மறுபடி தூக்கி மறுபடி இறக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வாழ்நாளில் நான் பொய்யாகக் கை காட்டியதில்லை. அன்றைக்கு நீ முதல் தடவையே சரியாக வாசித்தாலும் தூக்கு என்றுதான் காட்டுவேன். நீ மறுபடி வாசி. நான் இன்னும் கொஞ்ச நேரம் உன் பக்கத்தில் நிற்கிறேன்.